மொத்த கோல் கணிப்புச் சந்தை: தீர்வு விதியிலிருந்து விலை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கணிப்புச் சந்தையில் "இந்த ஆட்டத்தில் 2.5 கோலுக்கு மேல் விழுமா?" என்ற கேள்வி ஓர் ஒப்பந்தமாக விற்கப்படுகிறது. மூன்று கோலோ அதற்கு மேலோ விழுந்தால் 'ஆம்' ஒப்பந்தம் 100 புள்ளியாக முடியும். இரண்டோ அதற்குக் குறைவாகவோ விழுந்தால் அது பூஜ்யமாகிவிடும். 'இல்லை' ஒப்பந்தத்துக்கு இதன் நேர்மாறு பொருந்தும். ஆகவே 'ஆம்' 54 புள்ளிக்கு விற்றால், அந்த நேரத்தில் சந்தை மூன்று கோலோ அதற்கு மேலோ விழுவதற்கு ஏறத்தாழ 54 விழுக்காடு வாய்ப்புத் தருகிறது என்று படிக்கலாம். அரைக் கோல் என்று ஒன்று உலகில் இல்லாததால்தான் 2.5 என்ற கோடு பயன்படுகிறது. எந்த முடிவு வந்தாலும் ஒரு பக்கம் மட்டுமே சரியாகும். கோடு 3 என்று முழு எண்ணாக இருந்து சரியாக மூன்று கோல் விழுந்தால், போட்ட தொகையைத் திருப்பித் தருவதே வழக்கம்.

யார் வெல்வார் என்ற சந்தையைவிட இந்தச் சந்தையைக் கற்பது எளிது என்பது என் உறுதியான எண்ணம். இங்கே கண்டுபிடிக்க வேண்டியது ஒரே ஓர் எண்: இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக எத்தனை கோல் அடிக்கும் என்பது. அந்த எண்ணைக் கவனமாகப் பெற்றுவிட்டால் மற்றவை பெருக்கலும் கழித்தலும்தான். ஆனால் இழப்பவர்கள் பெரும்பாலும் இரண்டே இடங்களில் இழக்கிறார்கள். ஒன்று, ஒப்பந்தத்தின் முடிவு எப்படிக் கணக்கிடப்படும் என்று சொல்லும் தீர்வு விதியைப் படிக்காமல் இறங்குவது. மற்றொன்று, ஒரு சில ஆட்டங்களில் கண்டதை அணியின் இயல்பு என்று நம்பிவிடுவது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அவ்விரண்டையும் பற்றியதே.

உண்மைப் பணத்தில் இத்தகைய ஒப்பந்தங்களை வாங்குவது சில நாடுகளில் உரிமத்துடன் அனுமதிக்கப்படுகிறது, சில நாடுகளில் தடைசெய்யப்பட்டிருக்கிறது, வயது வரம்பும் வேறுபடுகிறது. நீங்கள் வாழும் இடத்தின் சட்டத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கற்பதற்குப் பணம் தேவையே இல்லை. விளையாட்டுப் புள்ளிகளில் இயங்கும் சந்தைகளிலோ ஒரு குறிப்பேட்டிலோ இங்கே சொல்லப்படும் ஒவ்வொரு படியையும் முழுமையாகச் செய்து பார்க்கலாம். அதனால்தான் எடுத்துக்காட்டுகள் அனைத்தையும் புள்ளிகளிலேயே தருகிறேன்.

முதல் படி: தீர்வு விதியைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 90 நிமிடமும் அதனுடன் சேர்த்துத் தரப்பட்ட நிமிடங்களும் முடிந்தபோது அர்ஜென்டினாவும் பிரான்சும் 2-2 என்று நின்றன. கூடுதல் நேரத்தில் மெஸ்ஸியும் எம்பாப்பேயும் ஆளுக்கொரு கோல் அடிக்க, ஆட்டம் 3-3 ஆனது. பின்னர் பெனால்டி ஷூட் அவுட்டில் அர்ஜென்டினா 4-2 என்று வென்றது. இந்த ஆட்டத்தின் மொத்த கோல் எத்தனை? 90 நிமிடக் கணக்கில் நான்கு, 120 நிமிடக் கணக்கில் ஆறு. 4.5 என்ற கோட்டில் 'ஆம்' வாங்கியவர் ஒரு விதியின்படி எல்லாவற்றையும் இழந்திருப்பார், மற்றொரு விதியின்படி முழு 100 புள்ளியும் பெற்றிருப்பார். ஆட்டம் ஒன்றுதான், கோல்களும் அவைதான். மாறியது விதியின் ஒரு வரி மட்டுமே.

பெரும்பாலான சந்தைகள் 90 நிமிடத்தையும், காயம், ஆள் மாற்றம் முதலியவற்றுக்காக நடுவர் சேர்க்கும் நிமிடங்களையும் மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆயினும் நாக் அவுட் ஆட்டங்களில் இதை அனுமானத்துக்கு விடக்கூடாது. ஷூட் அவுட் பெனால்டிகள் கோல் கணக்கில் சேர்வதில்லை. 2006 உலகக் கோப்பையில் உக்ரைனும் சுவிட்சர்லாந்தும் 120 நிமிடம் ஆடியும் 0-0 என்றே முடித்தன, உக்ரைன் ஷூட் அவுட்டில் 3-0 என்று வென்றபோதும் அந்த ஆட்டத்தின் மொத்த கோல் பூஜ்யம்தான். சுய கோல் பொதுவாகச் சேர்த்து எண்ணப்படும். ஆட்டம் பாதியில் கைவிடப்பட்டால், அல்லது வேறொரு நாளுக்கு மாற்றப்பட்டால் ஒப்பந்தம் என்னவாகும், முடிவை அறிவிக்கும் அதிகாரபூர்வமான மூலம் எது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் படி: தொடரின் அடிப்படைச் சராசரியைப் பிடியுங்கள்

எந்த அணிகள் ஆடுகின்றன என்று பார்ப்பதற்கு முன்பே, அந்தத் தொடரில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை கோல் விழுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 2014, 2018, 2022 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளிலும் தலா 64 ஆட்டங்களில் முறையே 171, 169, 172 கோல்கள் விழுந்தன, ஆட்டத்துக்கு 2.67, 2.64, 2.69. மூன்று தொடர்கள், மூன்று கண்டங்கள், மாறிய அணிகள், ஆனாலும் இவ்வளவு நெருக்கமான எண்கள் என்பது கோல் எண்ணிக்கை எவ்வளவு பிடிவாதமான அளவு என்பதைக் காட்டுகிறது.

அந்தப் பிடிவாதம் நிரந்தரமானது அன்று. 1954 உலகக் கோப்பையில் 26 ஆட்டங்களில் 140 கோல்கள், அதாவது ஆட்டத்துக்கு 5.38, ஆஸ்திரியா சுவிட்சர்லாந்தை 7-5 என்று வென்ற ஆட்டம் அந்தத் தொடரில்தான் நடந்தது. 1990இல் அதே அளவு 2.21க்கு இறங்கியது, அதன் பிறகே, சக வீரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி 1992இல் வந்தது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 2022-23 பருவத்தில் 380 ஆட்டங்களில் 1084 கோல்கள் விழுந்தன. நடுவர்கள் இழந்த நேரத்தை முன்னைவிடத் தாராளமாகச் சேர்க்கத் தொடங்கிய 2023-24 பருவத்தில் அது 1246 ஆனது. ஆட்டத்துக்கு 2.85 என்பது ஒரே ஆண்டில் 3.28 ஆகிவிட்டது. உயர்வு முழுவதும் சேர்த்த நிமிடங்களால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய பருவங்களின் சராசரியோடு அந்தப் பருவத்தைத் தொடங்கியவர்கள் பல வாரங்கள் தவறான பக்கத்தில் நின்றிருப்பார்கள். ஆகவே அதே தொடரின் அண்மைப் பருவங்களை மட்டும் எடுங்கள், விதிகளில் ஏதேனும் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாம் படி: இரு அணிகளின் பலத்தைச் சேர்த்து, பிறகு அதைத் தணியுங்கள்

இந்தப் படியில்தான் மெதுவாக நடக்க வேண்டும். ஒரு லீக்கில் சொந்த மைதான அணி சராசரியாக 1.5 கோலும் வருகை தரும் அணி 1.2 கோலும் அடிக்கின்றன என்று கொள்வோம். நம் சொந்த மைதான அணி தன் மைதானத்தில் ஆட்டத்துக்கு 1.8 கோல் அடித்திருந்தால் அதன் தாக்குதல் பலம் 1.8ஐ 1.5ஆல் வகுத்து 1.2. வருகை அணி வெளி மைதானங்களில் எதிரணிகளிடம் 1.65 கோல் வாங்கியிருந்தால் அதன் தற்காப்புக் காரணி 1.65ஐ அதே 1.5ஆல் வகுத்து 1.1. இரண்டையும் சராசரியோடு பெருக்கினால், சொந்த அணிக்கு 1.5 × 1.2 × 1.1 = 1.98 கோல். இவ்வாறே வருகை அணியின் தாக்குதல் 0.9, சொந்த அணியின் தற்காப்பு 0.9 எனில், வருகை அணிக்கு 1.2 × 0.9 × 0.9 = 0.97 கோல். மொத்தம் 2.95.

இந்த 2.95ஐ அப்படியே எடுத்துக்கொள்பவர்களே மிகுதி. பிழையும் அங்கேதான் தொடங்குகிறது. பத்து ஆட்டங்களில் ஓர் அணி சராசரியைவிட இருபது விழுக்காடு கூடுதலாகக் கோல் அடித்திருந்தால், அதில் ஒரு பகுதி திறமை, ஒரு பகுதி தற்செயல். கம்பத்தில் பட்டு உள்ளே போன பந்தும், எதிரணிக் கோல்கீப்பர் நழுவவிட்ட பந்தும் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. எவ்வளவு திறமை என்று பிரித்தறிய முடியாதபோது, கண்ட விலகலைச் சராசரியை நோக்கி இழுப்பதே நேர்மையான வழி. பத்து ஆட்டங்களே கையில் இருந்தால் விலகலைப் பாதியாக்கலாம் என்பது என் வழக்கம். பருவம் முன்னேற முன்னேற இழுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் 1.2 என்பது 1.1 ஆகும், 1.1 என்பது 1.05 ஆகும், 0.9 என்பவை 0.95 ஆகும். புதிய கணக்கு: 1.7325 கூட்டல் 1.083, சுருக்கமாக 2.82. இந்தச் சிறு மாற்றம் என்ன செய்கிறது என்பதை அடுத்த படியில் பார்க்கலாம்.

விழுந்த கோல்களுக்குப் பதிலாக எக்ஸ்ஜி எனப்படும் எதிர்பார்ப்பு கோல் அளவைப் பயன்படுத்தினால் தற்செயலின் பங்கு குறையும். ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து, எந்தச் சூழலில் அடிக்கப்பட்டது என்பதை வைத்து, அது கோலாகும் வாய்ப்பை இந்த அளவு கூட்டித் தருகிறது. ஒரு பெனால்டிக்கு ஏறத்தாழ 0.76 முதல் 0.79 வரை மதிப்பிடுவார்கள். குறைந்த ஆட்டங்களிலிருந்தே இது நிலையான செய்தி தருகிறது. ஆனாலும் தணிப்பதை இது விலக்கிவிடாது.

நான்காம் படி: சராசரியை நிகழ்தகவாக மாற்றுங்கள்

இதற்கான கருவி பாய்சான் பரவல். பிரெஞ்சுக் கணிதர் சிமியோன் தெனி பாய்சான் 1837இல் வெளியிட்ட இந்தப் பரவலை, குதிரை உதைத்து இறந்த பிரஷ்யப் படைவீரர்களின் எண்ணிக்கையோடு 1898இல் லாடிஸ்லாஸ் போர்ட்கீவிச் பொருத்திக் காட்டியது புகழ்பெற்ற நிகழ்வு. அரிதாகவும் ஒன்றையொன்று சாராமலும் நிகழ்பவற்றை எண்ணுவதற்கு இது பொருந்துகிறது; கோலும் ஏறக்குறைய அப்படிப்பட்டதே. அணிகளின் தாக்குதல், தற்காப்புப் பலங்களோடு இதை இணைத்த மாதிரியை 1982இல் மாஹர் வெளியிட்டார். 1997இல் டிக்சனும் கோல்ஸும் 0-0, 1-0, 0-1, 1-1 ஆகிய முடிவுகளுக்குத் திருத்தம் சேர்த்து, பழைய ஆட்டங்களுக்குக் குறைந்த எடை தரும் முறையையும் கொண்டுவந்தார்கள்.

கணக்கு இப்படிப் போகும். கோலே விழாத வாய்ப்பு, 2.71828 என்ற எண்ணைச் சராசரியின் எதிர்மறை அடுக்குக்கு உயர்த்தினால் கிடைக்கும், 2.82க்கு அது 0.0596. இதை 2.82ஆல் பெருக்கினால் ஒரு கோலுக்கான வாய்ப்பு, 0.1681. அதை 2.82இன் பாதியான 1.41ஆல் பெருக்கினால் இரண்டு கோலுக்கானது, 0.2370. மூன்று கோலுக்கு மூன்றில் ஒரு பங்கான 0.94ஆல் பெருக்க வேண்டும், 0.2228. இப்படியே தொடரலாம். முதல் மூன்றையும் கூட்டி ஒன்றிலிருந்து கழித்தால், 2.5க்கு மேல் விழும் வாய்ப்பு 53.5 விழுக்காடு. மற்றக் கோடுகளுக்கும் அதே அட்டவணை போதும்: 1.5க்கு மேல் 77.2, 3.5க்கு மேல் 31.3, 4.5க்கு மேல் 15.5.

தணிக்காத 2.95ஐ இதே வழியில் போட்டால் 56.6 வருகிறது. மூன்று புள்ளிக்கும் கூடுதலான வேறுபாடு, ஆட்டத்தைப் பற்றிய புதிய செய்தி எதுவும் இல்லாமல், நம் நம்பிக்கையின் அளவிலிருந்து மட்டுமே வந்திருக்கிறது. பொதுவாக, இந்தப் பகுதியில் சராசரி 0.1 கோல் மாறினால் 2.5 கோட்டின் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரைப் புள்ளி மாறும், சராசரி 2.6 என்றால் 48.2, 3.0 என்றால் 57.7. இந்த விகிதத்தை மனத்தில் பதித்துக்கொண்டால் எந்தச் செய்திக்கு எவ்வளவு அசைய வேண்டும் என்று உடனே மதிப்பிட முடியும்.

ஐந்தாம் படி: எண்ணுக்குள் வராதவற்றைச் சேருங்கள்

முதன்மை ஸ்ட்ரைக்கர் ஆடவில்லை, இரண்டாம் நிலைக் கோல்கீப்பர் இறங்குகிறார், மைதானத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்பன போன்ற செய்திகளுக்கு 0.1 அல்லது 0.2 கோல் அளவில் அசையலாம். அதற்கு மேல் அசைவதற்கு வலுவான காரணம் வேண்டும். ஆனால் இரு அணிகளின் தேவை என்ன என்பதை மட்டும் ஒருபோதும் விட்டுவிடக்கூடாது. 1982 உலகக் கோப்பையில் கிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு எதிராகப் பத்து நிமிடம் கடந்ததும் ஒரு கோல் அடித்தது; 1-0 என்ற அந்த முடிவே இரு அணிகளையும் அடுத்த சுற்றுக்கு அனுப்பும், அல்ஜீரியாவை வெளியேற்றும் என்பதால், மீதி நேரம் முழுவதும் இரு பக்கமும் பந்தைத் தட்டிக்கொண்டே கழித்தன. அதன் விளைவாகத்தான் பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடத்தப்படுகின்றன. எந்தச் சராசரியும் அந்த எண்பது நிமிடங்களை முன்னறிந்திருக்காது. புள்ளிப் பட்டியலை வாசித்தவர் அறிந்திருக்கலாம்.

ஆறாம் படி: விலையைப் படியுங்கள், ஒப்பிடுங்கள்

உங்கள் எண்ணை எழுதி முடித்த பிறகே சந்தை விலையைத் திறந்து பாருங்கள். வரிசை மாறினால், உங்களை அறியாமலே விலைக்கு ஏற்றபடி கணக்கை வளைத்துவிடுவீர்கள்.

வாங்கவும் விற்கவும் காத்திருப்பவர்களின் விலைகளைக் காட்டும் ஆர்டர் புத்தகத்தில் எப்போதும் இரண்டு விலைகள் இருக்கும். 'ஆம்' ஒப்பந்தத்தை வாங்க விரும்புபவர் தரும் உயர்ந்த விலை 51, விற்க விரும்புபவர் கேட்கும் குறைந்த விலை 54 என்று கொள்வோம். நடுப்புள்ளி 52.5, தலைகீழாகக் கணக்கிட்டால் சந்தை ஏறத்தாழ 2.78 கோலை எதிர்பார்க்கிறது. ஆனால் நீங்கள் நடுப்புள்ளியில் வாங்க முடியாது. 'ஆம்' உடனே வேண்டுமானால் 54 தர வேண்டும். 'இல்லை' வேண்டுமானால் நூறிலிருந்து 51ஐக் கழித்து 49 தர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 'ஆம்' வாய்ப்பு 53.5, 'இல்லை' வாய்ப்பு 46.5. இரண்டு பக்கமும் கேட்கும் விலை வாய்ப்பைவிடக் கூடுதல். எனவே இந்த ஆட்டத்தில் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. தணிக்காத 56.6ஐ நம்பியவரோ 54க்கு வாங்கி, 2.6 புள்ளி லாபம் கிடைத்ததாக எண்ணிக்கொண்டிருப்பார்.

பெரும்பாலான ஆட்டங்களில் விடை இப்படித்தான் வரும். அது கணக்கின் தோல்வி அன்று. வாங்கியே ஆக வேண்டும் என்ற உந்துதல் வரும்போது, உங்கள் விலையில் ஒரு லிமிட் ஆர்டரை, அதாவது அந்த விலையிலோ அதைவிட நல்ல விலையிலோ மட்டுமே நிறைவேறும் ஆர்டரை, இட்டுக் காத்திருங்கள். கட்டணத்தையும் மறக்கக்கூடாது; சில தளங்களில் கட்டணம் விலை 50ஐ நெருங்கும்போது உச்சத்தில் இருக்கும், 2.5 கோடு பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறது.

கோடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். 2.5 கோட்டின் விலையிலிருந்து பெற்ற சராசரியும் 3.5 கோட்டிலிருந்து பெற்ற சராசரியும் நெருங்கி இருக்க வேண்டும். பெரிதாக விலகினால், ஒன்றில் பழைய ஆர்டர் கிடக்கிறது, அல்லது இரண்டின் தீர்வு விதியும் வேறு என்று சந்தேகித்து முதல் படிக்குத் திரும்புங்கள்.

ஏழாம் படி: எவ்வளவு என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்

கட்டணம் உட்பட 50 புள்ளிக்கு 'ஆம்' கிடைக்கிறது, உங்கள் மதிப்பீடு 53.5 என்றால், 1956இல் ஜான் கெல்லி தந்த சூத்திரம் வேறுபாடான 3.5ஐ, நூறிலிருந்து விலையைக் கழித்த 50ஆல் வகுக்கச் சொல்கிறது; கையிருப்பில் 7 விழுக்காடு. உங்கள் மதிப்பீடு பிழையற்றது என்று அந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது, அது ஒருபோதும் உண்மையாக இருக்காது. ஆகவே கால் பங்கு, அதாவது 2 விழுக்காட்டுக்கும் குறைவு, போதுமானது. இழந்ததை மீட்க அடுத்த ஆட்டத்தில் இரட்டிப்பாகப் போடும் எண்ணம் எழுந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். நிறுத்த முடியவில்லை என்றால், நெருக்கமான ஒருவரிடமோ உதவி மையத்திடமோ தயங்காமல் பேசுங்கள்.

எட்டாம் படி: ஆட்டம் நடக்கும்போது

கோல் விழாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் 'ஆம்' விலையைத் தின்கிறது. முதல் பாதியைவிட இரண்டாம் பாதியில் கோல் கூடுதலாக விழும், ஏறத்தாழ 45க்கு 55 என்ற விகிதத்தில். நம் 2.82 ஆட்டத்தில் இடைவேளைக்குப் பின் எதிர்பார்ப்பது 1.55 கோல். இடைவேளையில் 0-0 என்றால் 2.5க்கு மேல் போகும் வாய்ப்பு 20.4 ஆகக் குறையும். ஒரு கோல் விழுந்திருந்தால் 45.9, இரண்டு விழுந்திருந்தால் 78.8. இந்த மூன்று எண்களையும் ஆட்டத்துக்கு முன்பே எழுதி வைத்துக்கொண்டால், பரபரப்பில் தவறான விலைக்கு வாங்க மாட்டீர்கள். சிவப்பு அட்டை காட்டப்பட்டால் மொத்த கோல் கூடும் என்று பலர் உடனே நினைக்கிறார்கள். பத்துப் பேர் கொண்ட அணி கூடுதலாகக் கோல் வாங்கும், ஆனால் குறைவாக அடிக்கும், ஆகவே எந்த அணி, எந்த நிமிடம், அப்போது என்ன ஸ்கோர் என்று பார்க்காமல் எந்தப் பக்கமும் சாயக்கூடாது.

ஒரு கடுமையான எச்சரிக்கை: உங்கள் திரையில் தெரியும் ஆட்டம் மைதானத்துக்குப் பல நொடிகள் பின்தங்கியது. நீங்கள் இட்டுவிட்டு மறந்த லிமிட் ஆர்டரை, கோல் விழுந்ததை முன்பே அறிந்த ஒருவர் எடுத்துவிடுவார். ஆட்டம் தொடங்குமுன் திறந்திருக்கும் ஆர்டர்களை நீக்கிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: எழுதி வையுங்கள், மதிப்பெண் போடுங்கள்

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உங்கள் சராசரி, அதிலிருந்து வந்த வாய்ப்பு, அப்போதைய விலை, ஆட்டம் தொடங்கும் நேரத்து விலை, விழுந்த கோல் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள்; வாங்காத ஆட்டங்களையும் சேர்த்து எழுத வேண்டும். வானிலை முன்னறிவிப்புகளைச் சோதிக்க 1950இல் கிளென் பிரையர் தந்த அளவுகோல் இங்கேயும் பயன்படும்: நீங்கள் சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் (நடந்தால் 1, நடக்காவிட்டால் 0) உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்திச் சராசரி எடுங்கள். எப்போதும் 50 விழுக்காடு என்றே சொல்பவருக்கு 0.25 கிடைக்கும், அதற்குக் கீழே போனால்தான் உங்கள் கணக்கு ஏதோ அறிந்திருக்கிறது என்று பொருள். அதே ஆட்டங்களில் சந்தை விலைக்கும் இந்த மதிப்பெண்ணைப் போட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இருபது முப்பது ஆட்டங்களில் தெரியும் வேறுபாட்டை, மூன்றாம் படியில் அணியின் பத்து ஆட்டங்களைத் தணித்தது போலவே தணித்துத்தான் வாசிக்க வேண்டும். சில நூறு ஆட்டங்கள் சேர்ந்த பிறகும் சந்தையின் மதிப்பெண் உங்களுடையதைவிடக் குறைவாகவே இருந்தால், உங்கள் எண்ணைச் சந்தை எண்ணை நோக்கி நகர்த்தி, மூன்றாம் படியிலிருந்து கணக்கை மீண்டும் தொடங்குங்கள்.